நுவரெலியாவின் கரும் பியர்

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்குத் தனிக் களை வந்துவிடும். தாழ்நிலங்களிலே வெயில் கொளுத்தும் அந்நாட்களில், குளிரை நாடி மக்கள் கூட்டங்கூட்டமாக மலையேறி வருவர். கிரகறி வாவிக் கரையிலே கடைகள் முளைக்கும். குதிரைப் பந்தயம் நடைபெறும். விடுதிகளிலே ஓர் அறை கிடைப்பதும் அரிதாகும். இதனைப் பத்திரிகைகள் வசந்த காலம் என்று எழுதும். தோட்டத்திலுள்ளோர் 'சீசன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். நேயர்களே, இந்த ஊரோடும் இந்தச் சீசனோடும் நூறாண்டுக்கு மேலாக ஒட்டி வளர்ந்த தொழில் ஒன்று உண்டு. அது பியர் காய்ச்சும் தொழில். அத்தொழிலிலே உலகப் பெயர் பெற்றது, கரிய நிறமும் கனத்த சுவையும் மிகுந்த வீரியமும் உடைய 'ஸ்டவுட்' என்னும் கரும் பியர். அதன் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்கக் கருதுகிறேன்.

பள்ளிக்கூடத்து அதிபர் ஒருவர் வானொலியிலே பியரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்போர் இருப்பர். கேட்பது நியாயமே. குடிக்குமாறு எவரையும் தூண்ட நான் வரவில்லை; குடியினால் பாழான வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளின் முகத்தைத் தினந்தோறும் காண்பவன் நான். ஆயினும் ஒரு மலைநாட்டிலே யார் எதைக் குடித்தார், யாருக்கு எது கிடைக்காமற் போயிற்று, அதனால் யாருடைய பெட்டி நிறைந்தது என்பதும் வரலாறுதான். எங்கள் மக்களின் கதையில் இந்தப் பகுதி மிகக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். தானியத்தை முளைகட்டி மது செய்வது வெள்ளைக்காரன் கொண்டு வந்த வித்தை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். பத்துப்பாட்டிலே பெரும்பாணாற்றுப்படை என்னும் நூலைப் படித்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலிலே, வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில், மது செய்யும் முறை படிப்படியாக வருகிறது. அரிசியைக் கூழாகத் துழாவிக் காய்ச்சி, அகன்ற தட்டிலே ஆறவிட்டு, அதனோடு முளையைக் கலந்து, வலிய வாயையுடைய சாடியிலே இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய முற்றவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். முளைத்த தானியத்திலே, மாவைச் சர்க்கரையாக்கும் ஆற்றல் தோன்றுகிறது. அந்தச் சர்க்கரையே பின்னர் புளித்து மதுவாகிறது. இன்றைய பியர் ஆலையிலே பொறிகளைக் கொண்டு நடப்பதும் இதுதான். நம் முன்னோர் அரிசியில் செய்ததை ஐரோப்பியர் வாற்கோதுமையில், அதாவது நாம் கடையிலே பார்லி என்று கேட்டு வாங்கும் தானியத்தில் செய்தனர். அதே தமிழ் மரபுதான் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, குடிப்பவனைத் திருக்குறளின் வாயிலாக இடித்துரைக்கவும் செய்தது. இரண்டும் நம்முடையவையே.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். அங்கே பியருக்குப் பருவம் உண்டு. குளிரூட்டும் பொறி இல்லாத காலத்திலே கோடையில் காய்ச்சிய பியர் விரைவில் கெட்டுவிடும். ஆதலின் ஜெர்மனியின் பவேரியா நாட்டிலே 1553ஆம் ஆண்டு ஒரு கட்டளை பிறந்தது: ஏப்ரல் 23ஆந் திகதிக்கும் செப்டெம்பர் 29ஆந் திகதிக்கும் இடையே பியர் காய்ச்சலாகாது என்பது அதன் சாரம். எனவே கோடை முழுவதும் தாங்கும்படி, மார்ச்சு மாதத்திலேயே தானியத்தை மிகுதியாக இட்டு, வீரியமான பியரைக் காய்ச்சி நிலவறைகளிலே வைத்தனர். ஐன்பெக் என்னும் நகரத்திலிருந்து வந்த வீரியமான பியரை மியூனிக் நகரத்தார் தம் பேச்சு வழக்கிலே திரித்துச் சொல்லச் சொல்ல, அது 'பொக்' என்றாயிற்று. அச்சொல்லுக்கு அவர்கள் மொழியிலே ஆட்டுக்கடா என்பது பொருள். ஆகவே புட்டியின் மேலே கடாவின் படமும் வந்து சேர்ந்தது. மியூனிக்கின் துறவிமடத்திலே, தவக்காலத்தில் உணவைக் குறைத்துக்கொள்ளும் துறவிகள் உடல் தளராதிருக்கக் கனத்த பியரைச் செய்து பருகினர். திரவ வடிவிலான ரொட்டி என்று அதனைக் கருதினர். இங்கிலாந்திலோ அறுவடை முடிந்த ஒக்டோபர் மாதமே வீரியமான பியருக்கு உரிய மாதம். 'ஒக்டோபர் பியர்' என்றே அதற்குப் பெயர். இவை யாவும் பருவத்துக்குரிய, தானியச் சுவை மிக்க, வீரியமான பியர்கள். இவற்றின் உறவினனே நுவரெலியாவின் கரும் பியரும்.

ஆனால் கரும் பியரின் நேரான பிறப்பிடம் இலண்டன் மாநகரம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அங்கே ஒரு கரிய பியர் எங்கும் பரவிற்று. தேம்ஸ் நதித் துறையிலே கப்பலிலிருந்து மூட்டை இறக்குவோரும், தெருக்களிலே சுமை தூக்குவோரும் அதனை விரும்பிக் குடித்தனர். சுமை தூக்குபவனுக்கு ஆங்கிலத்திலே 'போர்ட்டர்' என்பது பெயர். பியருக்கும் 'போர்ட்டர்' என்ற பெயரே நிலைத்தது. அதிலே வீரியம் மிகுந்தது 'ஸ்டவுட் போர்ட்டர்'. பின்னர் அது சுருங்கி 'ஸ்டவுட்' என நின்றது. இப்பெயர் வரலாற்றை நேயர்கள் மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சுமை தூக்கும் கூலியாளின் பெயரால் வழங்கிய பானம் அது. மலையேறி வந்தபோது அது யாருடைய மேசைக்குச் சென்றது என்பதைப் பிறகு காண்போம்.

கீழ்த்திசையிலே ஆட்சி நிலைத்தபின், வெள்ளையர் தம் பியருக்கு ஏங்கினர். ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்காகப் பாய்க்கப்பலிலே வந்த பியர் பல வேளைகளில் புளித்தே வந்தது. இலண்டனை அடுத்த போ என்னும் இடத்திலிருந்து ஹொட்ஜ்சன் என்பவரின் ஆலை அனுப்பிய வீரியமான பியர் மட்டும் கடற்பயணத்தைத் தாங்கிப் பெயர் பெற்றது. ஆயினும் கப்பற் கூலி கொடுத்துக் கட்டுமா? இந்தியாவிலேயே காய்ச்சலாம் என்றால் வெயில் இடங்கொடாது. ஆகவே அவர்கள் மலைகளைத் தேடினர். இமயத்தின் அடிவாரத்திலே கசௌலியில் ஓர் ஆலை எழுந்தது; 1860ஆம் ஆண்டு மறி மலையிலே மற்றொன்று எழுந்தது. குளிர், நல்ல ஊற்றுநீர், அருகிலே படைவீரர் பாசறை என்னும் மூன்றும் கூடிய இடமே ஆலைக்கு ஏற்ற இடமாயிற்று. கசௌலி ஆலையை நிறுவிய எட்வர்ட் டயர் என்பவரின் மகன் 1864ஆம் ஆண்டு மறியிலே பிறந்தான். அவனே 1919ஆம் ஆண்டு அமிர்தசரசு நகரத்து ஜாலியன்வாலா பாக்கிலே நிராயுதபாணிகள் மீது சுடுமாறு கட்டளையிட்ட ஜெனரல் டயர். பியரின் கதையிலே இது ஒரு கிளைச் செய்திதான். ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கசௌலியின் பியருக்குச் சிங்கத்தின் பெயரை இட்டிருந்தனர் என்பதும் நம் கதைக்கு வேண்டிய செய்தி.

இனி நம் மலைக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேலே, இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் அடியிலே கிடக்கும் சமவெளி நுவரெலியா. ஆண்டு முழுவதும் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை. தை, மாசி மாதத்து இரவுகளிலே புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியிலே இங்கே ஒரு மாளிகை எடுத்து, நோயுற்ற படைவீரர் உடல் தேறும் இடமாகவும் இதனை ஆக்கினார். அதன்பின் வந்தவரே சாமுவேல் பேக்கர்.

பின்னாளிலே, 1864ஆம் ஆண்டில், ஆபிரிக்காவின் அல்பெர்ட் ஏரியை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்திப் புகழ் பெற்ற அதே பேக்கர்தான். 1840களிலே வேட்டைக்காக இலங்கை வந்தவர் காய்ச்சலால் நலிந்து, நுவரெலியாவிலே சில நாள் தங்கியதும் உடல் தேறினார். அந்த நன்றியோ வியப்போ, இம்மலையிலே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நாட்டிவிடுவது என்று துணிந்தார். 1848ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலிலே உழவர்கள், கொல்லர், உழவுக் கருவிகள், உயர்சாதி மாடுகள், வேட்டை நாய்கள், வண்டி எல்லாம் வந்து சேர்ந்தன. மலையேறும் வழியிலே வண்டி பள்ளத்திலே கவிழ்ந்தது. அதனை மீட்க அனுப்பிய யானையும் இறந்தது. கொண்டுவந்த கால்நடைகள் பல நோயிலே மடிந்தன. பயிர்கள் பல பொய்த்தன. இவற்றையெல்லாம் பேக்கரே 1855ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். மனம் தளராத மனிதர் என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, மண்ணைக் கிளறியவர்களின் பெயர்களை அவர் நூலிலே தேடிப் பயனில்லை.

பேக்கரே 1849ஆம் ஆண்டு, தமக்கும் தம்மையொத்த துரைமாருக்குமாகச் சிறிய அளவிலே பியர் காய்ச்சத் தொடங்கினார் என்பது இத்தொழிலின் வரலாற்றிலே வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அவர் 1855இல் ஊர் திரும்பினார். பின்னர் வணிக முறையில் எழுந்த ஆலை தன் வயதை 1881ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. கோப்பி அழிந்து தேயிலை எழுந்த காலம் அது. 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பக்கத்திலே முதலில் காணப்பட்ட இலைத்துரு நோய், பத்துப் பதினைந்து ஆண்டுகளிலே கோப்பித் தோட்டங்களைச் சூறையாடிற்று. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரையிலே 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரிலே நட்ட தேயிலை, அழிந்த கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தேயிலையோடு துரைமாரின் தொகை பெருகிற்று. 1876இல் ஹில் கிளப் தோன்றிற்று. 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டிற்று. அடுத்த ஆண்டு நானுஓயாவை அடைந்தது. குடிப்பவர் வந்துவிட்டனர், வழியும் வந்துவிட்டது, ஆலை நிலைபெற்றது.

அந்த ஆலை எதனால் இயங்கிற்று என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். வாற்கோதுமை நம் மலையிலே விளைந்ததன்று. முளைகட்டி உலர்த்திய தானியமாக ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. கசப்பும் மணமும் ஊட்டும் ஹொப்ஸ் என்னும் பூவும் ஐரோப்பாவிலிருந்தே வந்தது. புளிக்கச் செய்யும் ஈஸ்டும் அங்கிருந்து பெற்ற வித்தே. இம்மலை கொடுத்தவை இரண்டு: ஒன்று நீர், மற்றொன்று குளிர். பிதுருதலாகலைச் சாரலிலிருந்து விழும் லவர்ஸ் லீப் அருவியின் நீரை ஆலைக்குக் கொண்டனர். குளிரோ, செலவின்றி வானம் கொடுத்தது. கரும் பியரைப் புளிக்கவைக்க ஏறத்தாழ 15 முதல் 20 பாகை வெப்பம் வேண்டும். நுவரெலியாவின் காற்று இயற்கையாகவே அதனை ஒட்டி நிற்கிறது. பவேரியாவின் கட்டளை இங்கே தேவைப்படவில்லை. காய்ச்சும் பருவம் ஆண்டு முழுவதும் நீடித்தது. ஆனால் குடிக்கும் பருவம் மட்டும் சித்திரையாயிற்று. ஐரோப்பாவிலே காய்ச்சுபவனுக்குப் பருவம் இருந்தது. இங்கே குடிப்பவனுக்குப் பருவம் இருந்தது.

நீரும் குளிரும் என்று சொன்னேன். மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும், அது உழைப்பு. கொழும்பிலிருந்து ஆறாயிரம் அடி உயரத்துக்குத் தானிய மூட்டை ஏறிய தெருவைக் கல்லுடைத்துப் போட்டவர்களிலும், தண்டவாளம் பதித்தவர்களிலும், கிளப்புகளின் செலவுக்குப் பணம் கொடுத்த தேயிலையைப் பறித்தவர்களிலும் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்மக்கள். திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். இலண்டனிலே சுமை தூக்குபவன் பெயரால் விளங்கிய பியரை இங்கே சுமை தூக்கியவன் கண்ணாலும் கண்டதில்லை. துரை பங்களாவிலே அப்பு கழுவி அடுக்கிய வெற்றுப் புட்டியின் மணத்தையே அவன் அறிவான். 1929ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலி வகுத்தபோது, மலைநாட்டுத் தோட்டங்களிலே ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என்று வகுத்தனர். அந்தக் கூலியிலே புட்டியிலடைத்த பியரை நினைத்துப் பார்ப்பதெங்ஙனம்?

இங்கே ஒரு சொற்பொருத்தத்தைச் சொல்லலாம். தோட்டத்துத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளுக்கு எங்கள் வழக்கிலே லயம் அல்லது லயன் என்று பெயர். வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. நுவரெலியாப் பியருக்கு நிலைத்த பெயரும் லயன்; அது சிங்கம். காதுக்கு இரண்டும் ஒன்றே. ஒரே மலையிலே ஒரே ஒலியுடைய இரண்டு சொற்கள்; ஒன்று கிளப்பின் மேசையிலே நின்றது, மற்றொன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே ஒரு குடும்பத்தை அடக்கிற்று.

அப்படியாயின் லயத்து மனிதன் குடிக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். குடித்தான். அவனுக்கென்று வேறு பானம் வைத்திருந்தார்கள். மேற்குக் கரையோரத்திலே தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயம் மாட்டு வண்டிகளிலே கோப்பித் தோட்டங்களை நோக்கி மலையேறிற்று. சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்திலே விட்டது. ஏலம் எடுத்தோர் குத்தகைக்காரராயினர். இலங்கையின் பெருஞ் செல்வக் குடும்பங்கள் சில அந்தக் குத்தகையிலேதான் முதற்பணம் தேடின. அரசின் வருவாயிலும் சாராயத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. கள்ளும் வந்தது. ஆனால் தென்னையும் பனையும் ஆறாயிரம் அடியிலே வளர்வதில்லை. இடைமலையிலே கித்துள் மரம் உண்டு, மேலே அதுவும் இல்லை. கீழ்நாட்டிலிருந்து கொண்டு வரும் கள், வரும் வழியிலேயே புளித்துக்கொண்டு வந்தது. துரைக்குப் பியரைக் கெடாமற் காத்த குளிரூரிலே, தொழிலாளிக்குக் கிடைத்தது பெரும்பாலும் முதிர்ந்து புளித்த கள். இந்தக் கடைகளுக்குத் தவறணை என்று பெயர். போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற சொல். ஓட்டலிலும் கிளப்பிலும் ஒரு சாதியார் குடித்தனர். தவறணையிலே மற்றொரு சாதியார் குடித்தனர். இவ்விரண்டிலும் ஒன்றைத்தான் குடிவெறி என்று எழுதி வைத்தார்கள். தோட்டத் துரைமாரின் குறிப்புகளைப் படித்தால், கூலியின் குடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக முறையீடு இருக்கும். ஹில் கிளப்பின் கணக்குப் புத்தகத்தைப் பற்றி ஒரு வரியும் இராது.

இந்தச் சாராயக் கொள்கையை எதிர்த்து நாட்டிலே பேரியக்கம் தோன்றிற்று. 1904ஆம் ஆண்டளவில் எழுந்த மதுவிலக்கு இயக்கம், 1912இலே அரசு கள்ளுக்கும் சாராயத்துக்கும் தனித்தனித் தவறணைகள் வகுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளுத் தவறணைகளைத் திறக்க முற்பட்டபோது தீப்போற் பரவியது. பின்னாளிலே சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்கா முதலியோர் அரசியல் மேடைக்கு வந்த வழிகளில் இதுவும் ஒன்று. எனினும் அந்த இயக்கம் கிராமங்களில் ஒலித்த அளவுக்கு லயங்களிலே ஒலிக்கவில்லை. தோட்டத்துக்குள் வெளியார் நுழைய துரையின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று மலைநாட்டிலும் சுற்றினார். கதர் நிதிக்குத் தொழிலாளர் செப்புக் காசுகளைக் கொண்டுவந்து கொட்டினர். அவர்களிடம் குடியை விடுமாறு அவர் கேட்டார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்த வருகையை நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தனர். அன்றிலிருந்து கள்ளைத் தொடாத குடும்பங்கள் சில உண்டு என்று கேட்டிருக்கிறேன். தவறணை மட்டும் மூடவில்லை.

கரும் பியரை நான் முதன்முதலாகச் சுவைத்தது நாற்பது வயதைக் கடந்த பின்னரே. ஒரு சித்திரை மாதத்து மாலையிலே, நுவரெலியாவில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அது நிகழ்ந்தது. அவருடைய பாட்டனாரும் என் பாட்டனாரும் ஒரே மலையிலே கவ்வாத்து வெட்டியவர்கள். கண்ணாடிக் குவளையிலே ஊற்றியபோது அது விளக்கொளியைக்கூட உள்ளே விடவில்லை. மேலே எழுந்த நுரை மாத்திரம் பாலிட்ட தேநீரின் நிறம். முதல் மிடறிலே கசப்பை எதிர்பார்த்தேன். வந்ததோ இனிப்பு. கருப்பட்டிப் பாகு சற்றே தீய்ந்தாற்போன்ற இனிப்பு. அதன் பின்னே வறுத்த கோப்பிக்கொட்டையின் கசப்பு. தொண்டையிலே இறங்கும்போது எண்ணெய்போல் ஒரு வழவழப்பு. இறுதியிலே நெஞ்சிலே ஒரு சூடு. பாதிக் குவளையோடு நிறுத்திக்கொண்டேன். நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு மதுசாரம் உள்ளது அது. சாதாரண லாகர் பியரிலே 5 பங்கை ஒட்டியே இருக்கும்.

கோப்பியின் சுவை எப்படி வந்தது என்று நண்பர் கேட்டார். அதற்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. இலண்டனிலே டேனியல் வீலர் என்பவர் 1817ஆம் ஆண்டு ஒரு புதுப் பொறிக்கு உரிமை பெற்றார். கோப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்ற உருளையிலே முளைத்த வாற்கோதுமையை இட்டு, நீர் தெளித்துத் தீய்ந்துவிடாமற் காத்துக் கருக வறுக்கும் பொறி அது. அதற்குப் பின்னரே கரும் பியர் இன்று நாம் காணும் கருமையை அடைந்தது. தானியத்தைக் கோப்பியைப்போல் வறுத்தால் கோப்பியின் மணம் எழுவதில் வியப்பில்லை. ஆனால் என் மனம் வேறு வழியிலே சென்றது. இந்த மலையெல்லாம் ஒருகாலத்திலே கோப்பிக்காடு. எங்கள் முன்னோர் நடந்து வந்தது கோப்பி பறிக்கவே. அந்தக் கோப்பி துருவிலே அழிந்தபோது வேலையிழந்து பசியிலும் நோயிலும் மாண்டவர்களும் அவர்களே. கோப்பி போய் நூற்றாண்டுக்கு மேலாகியும் அதன் சுவை ஒரு பியர்க் குவளையிலே எஞ்சியிருந்தது. என் பாட்டனார் அதனைச் சுவைத்ததில்லை. சுவைத்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. குடியாத மனிதர் அவர். ஆனால் குடியாதிருப்பது அவருடைய விருப்பமாக இருந்திருக்கலாம். பியரைப் பொறுத்தவரை விரும்பிவிடும் உரிமையும் அவருக்கு இருக்கவில்லை.

இந்தக் கரும் பியரை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர். பாடகர் ஜாக்சன் அல்லர். 1942இல் பிறந்து 2007இல் மறைந்த இவர் பியரையே பொருளாகக் கொண்டு நாடு நாடாகச் சுற்றி எழுதியவர். 1977ஆம் ஆண்டு வெளிவந்த இவருடைய உலகப் பியர் வழிகாட்டி நூல் பல மொழிகளிலே பெயர்க்கப்பட்டது. இவர் இலங்கைக்கு வந்து, மலைப்பாதையிலே நுவரெலியா ஆலைக்கு ஏறினார். கண்டியிலே ஒரு பியர்க்கடையில், பீப்பாயிலிருந்து கைப்பொறியால் இறைத்துக் கொடுத்த கரும் பியரைச் சுவைத்து வியந்து எழுதினார். பிரித்தானியாவிலேயே அருகிவந்த பழைய முறை, அவர்கள் விட்டுப்போன மலைநாட்டிலே அழியாமல் இருந்ததுதான் அவர் வியப்புக்குக் காரணம். அவர் எழுதிய பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்தப் புட்டிகளைத் தேடி வாங்கினர். தேயிலையைப்போலவே இதற்கும் புகழ் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

தோட்டங்களோ அந்த ஆண்டுகளிலே வேறு வகையான மாற்றங்களைக் கண்டன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்கள், 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, பல இலட்சம் பேர் தலைமன்னாரிலே கப்பலேறினர். 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது; 1992இலே நிருவாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. துரைமாரின் பங்களாக்கள் சில இன்று விடுதிகளாயின. ஒரு காலத்திலே எங்கள் மக்கள் வேலியின் வெளியே நின்று பார்த்த சீசனுக்கு, இன்று அவர்களுடைய பிள்ளைகளும் புத்தாடை உடுத்துப் போகின்றனர். தவறணைக்குப் பக்கத்திலே கசிப்பு என்னும் களவுச் சாராயமும் வந்து சேர்ந்தது; அதனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பேச்சு வேறு பேச்சாகிவிடும்.

ஆலை மட்டும் மலையிலே தங்கவில்லை. மோட்டார் வண்டிகள் மூட்டைகளை வளைந்த தெருவழியே மேலேற்றிப் புட்டிகளைக் கீழிறக்கும் செலவு, குளிரூட்டும் பொறியின் செலவைவிட மிகுந்துவிட்டது. பொறி எந்தச் சமவெளியிலும் நுவரெலியாவைப் படைத்துவிடும். பிறகு மலை எதற்கு? 1990களின் இறுதியிலே கொழும்பை அடுத்த பியகமையில் புதிய ஆலை எழுந்தது. நுவரெலியாவிலே பியர் காய்ச்சும் தொழில் நூறாண்டுக்குப் பின் ஓய்ந்தது. லவர்ஸ் லீப் அருவி இன்றும் விழுகிறது. அந்த நீர் மகாவலியைச் சென்று சேர்வது. புதிய ஆலை நிற்பதோ களனி ஆற்றின் பக்கம். களனியின் தலைநீர் எங்கிருந்து வருகிறது? சிவனொளிபாத மலையைச் சுற்றிய மஸ்கெலியா ஓயாவும், ஹட்டனை அடுத்து நோர்வூட், காசல்ரீ வழியே வரும் கெஹெல்கமு ஓயாவும் கூடியே அந்த ஆறு பிறக்கிறது. இரண்டும் தேயிலைத் தோட்டங்களின் ஊடே வருபவை. 2016ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்து களனி கரைபுரண்டபோது, அந்த வெள்ளம் பியகமை ஆலைக்குள் புகுந்தது. பொறிகள் நீரிலே மூழ்கின. பல மாதங்கள் இலங்கையிலே அந்தப் பியர் காய்ச்சப்படவில்லை. கடைகளிலே வெளிநாட்டுப் புட்டிகளை அடுக்கி வைத்தனர்.